பெரிய மேப் படம் பிரவுசர்ல ஒண்ணு பொடிசா தெரியுது, இல்லன்னா திரைய விட்டு வெளிய போயிடுது, நடுவுல ஒரு சைஸ் வைக்க வழி இருக்கா?

கண்மாய்க்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு ஊரு சிவகங்கை பக்கம். எங்க சுத்துவட்டாரத்துல இருந்த கண்மாய்களோட பழைய பேரு, எது எங்க இருந்துச்சு, எது இப்ப பிளாட்டா ஆயிடுச்சுன்னு ஒரு லிஸ்ட் எடுத்துட்டு இருக்கேன். அதுக்காக 1950கள்ல அமெரிக்க ராணுவத்தோட மேப் சர்வீஸ் போட்ட இந்தியா மேப்பு வரிசை, யு502ன்னு சொல்லுவாங்க, டெக்சாஸ் பல்கலைக்கழக லைப்ரரி தளத்துல பெர்ரி-காஸ்டனேடா மேப் கலெக்‌ஷன்னு வெச்சிருக்காங்கல்ல, அதுல இருந்து நம்ம பக்கத்து ஷீட்ட திறந்து பாக்குறேன். லிங்க க்ளிக் பண்ணா நேரா ஜேபிஜி படமாவே பிரவுசர்ல வந்துடுது, அது வரைக்கும் நல்லா இருக்கு.

பிரச்சனை என்னன்னா படம் மொத்தமா திரைக்குள்ள அடங்குற மாதிரி சுருங்கி வருது, ரெண்டு பக்கமும் காலியா கெடக்கு, ஒரு எழுத்து கூட படிக்க முடியல, நீலக்கலர்ல கண்மாய் இருக்குற எடத்துல வெறும் புள்ளி புள்ளியா தெரியுது. மேல ஒரு க்ளிக் பண்ணா ஒரேயடியா பெருசாயிடுது, எந்த ஊரு பக்கம் நிக்கிறோம்னே தெரியல, மேலயும் கீழயும் சைடுலயும் தள்ளித் தள்ளி கை வலிக்குது. எனக்கு வேண்டியது ரெண்டுக்கும் நடுவுல. படத்தோட அகலம் திரை அகலத்துக்கு சரியா வரணும், இல்ல அத விட கொஞ்சம் பெருசா. கண்ட்ரோல் பிளஸ் அமுக்கிப் பாத்தேன், படம் அசையவே இல்ல. இதுக்கு எங்கயாவது செட்டிங் இருக்கா, இல்ல வேற சாஃப்ட்வேர்தான் போடணுமா? தெரிஞ்சவங்க சொன்னா பெரிய உதவி.

பிக்சல்பாண்டி:

அண்ணே எந்த பிரவுசர்? லேப்டாப் ஸ்க்ரீன் ரெசல்யூஷன் என்ன? படம் திறந்திருக்கும்போது மேல டேப் மேல மவுஸ வெச்சீங்கன்னா ஃபைல் பேருக்கு பின்னாடி ரெண்டு நம்பர் வரும், அகலம் × உயரம், அதையும் சொல்லுங்க. இந்த மூணும் தெரிஞ்சா கணக்கு போட்டே சொல்லிடலாம்.

கண்மாய்க்கரை:

க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டும் இருக்கு தம்பி, கூட பழகினது க்ரோம்தான். விண்டோஸ் லேப்டாப், 15.6 இன்ச், ஸ்க்ரீன் 1366 × 768, ரேம் 4 ஜிபி. படம் கிட்டத்தட்ட 6000 × 4800ன்னு காட்டுது. ஃபயர்ஃபாக்ஸ்ல திறந்தா அந்த நம்பருக்கு பக்கத்துல ஸ்கேல்டு 13%ன்னு வேற ஒண்ணு எழுதியிருக்கு.

பிக்சல்பாண்டி:

அந்த 13%தான் அண்ணே விஷயம். உங்க ஸ்க்ரீன்ல மேல டேப், அட்ரஸ் பார், கீழ டாஸ்க்பார் எல்லாம் போக படத்துக்கு கெடைக்கிற எடம் சுமாரா 1366க்கு 650. படத்தோட உயரம் 4800. 4800ஐ 650க்குள்ள அடைக்கணும்னா 13, 14%க்கு சுருக்கினாத்தான் முடியும். அகலம் மட்டும் பாத்தா 23%க்கு சுருக்கினா போதும், ஆனா பிரவுசர் அகலம் உயரம் ரெண்டும் அடங்கணும்னு பாக்குது, அதனால உயரத்துக்கு தகுந்த மாதிரி சுருக்கிடுது, அகலம் 800 சொச்சத்துல நின்னுடுது. உங்களுக்கு ரெண்டு பக்கமும் காலியா தெரியுதுன்னு சொன்னது அதான்.

கண்மாய் ஏன் புள்ளியா தெரியுதுன்னும் பாத்துடுவோம். இந்த மேப்பு 1:2,50,000 ஸ்கேல், அதாவது மேப்புல 1 சென்டிமீட்டர்னா தரையில ரெண்டரை கிலோமீட்டர். அரை கிலோமீட்டர் அகலமுள்ள கண்மாய் பேப்பர்லயே 2 மில்லிமீட்டர்தான். இந்த படத்தோட சைஸ பாத்தா 200 டிபிஐ, அதாவது ஒரு இன்ச்சுக்கு 200 பிக்சல் வாக்குல ஸ்கேன் பண்ணிருப்பாங்க போல, அப்படின்னா அந்த கண்மாய் முழு படத்துல 16 பிக்சல். அத 13%க்கு சுருக்கினா 2 பிக்சல். 2 பிக்சல்ல என்னத்த பாக்குறது? படத்துல குறை ஒண்ணும் இல்ல, அதுல உள்ள விவரத்துல எட்டுல ஒரு பங்கு கூட உங்க கண்ணுக்கு வரல, அவ்வளவுதான்.

இப்ப வழி. க்ரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இந்த எடத்துல வேற வேற மாதிரி நடந்துக்கும், இது தெரியாமத்தான் நிறைய பேரு கண்ட்ரோல் பிளஸ் வேலை செய்யலன்னு விட்டுடறாங்க.

க்ரோம்ல படம் சுருங்கி நிக்கிறப்போ நீங்க கண்ட்ரோல் பிளஸ் அடிச்சா ஜூம் நம்பர் ஏறும், ஆனா க்ரோம் உடனே திரும்பவும் திரைக்குள்ள அடக்கிடும், அதனால கண்ணுக்கு ஒண்ணும் மாறாது. அதுக்கு தலைகீழா போகணும். முதல்ல படத்து மேல ஒரு க்ளிக், முழு சைஸ் வந்துடும். அதுக்கப்புறம் கண்ட்ரோல் மைனஸ் அடிச்சுக்கிட்டே வாங்க. 90, 80, 75, 67, 50, 33, 25ன்னு எறங்கும். இப்ப அது தானா அடக்காது, நீங்க சொன்ன அளவுலயே நிக்கும். 25%ல உங்க படம் 1500 பிக்சல் அகலம் வரும், திரைய விட கொஞ்சமே கொஞ்சம் பெருசு, நீங்க கேட்ட நடு சைஸ் அதான். 33%ல 2000, 50%ல 3000. எடத்த தேடறதுக்கு 25, பேரு படிக்க 50ன்னு வெச்சுக்கோங்க.

ஃபயர்ஃபாக்ஸ்ல தலைகீழ் வேலை வேண்டாம். சுருங்கி நிக்கிற படத்துலயே கண்ட்ரோல் பிளஸ் அடிங்க, அங்க இருந்தே பெருசாகும். ஆனா அது காட்டுற 100% அந்த சுருங்கின சைஸ், அத ஞாபகத்துல வெச்சுக்கணும். 170%க்கு போனீங்கன்னா உங்க படம் கிட்டத்தட்ட திரை அகலத்துக்கு சரியா வந்துடும், 300% போனா ஒரிஜினல்ல 40%.

இன்னொன்னு, க்ளிக் பண்றப்போ படத்துல எந்த எடத்துல க்ளிக் பண்றீங்களோ அந்த எடத்துக்குத்தான் போகும், ரெண்டு பிரவுசர்லயும். அதனால சும்மா நடுவுல க்ளிக் பண்ணாதீங்க, சுருங்கின படத்துல மதுரை எங்க, வைகை எந்த பக்கம் போகுதுன்னு கண்ணால பிடிச்சு அதுக்கு பக்கத்துல க்ளிக் பண்ணுங்க. சைடுல நகர ஷிஃப்ட்ட பிடிச்சுக்கிட்டு மவுஸ் வீல உருட்டுங்க. மவுஸ் வீல அப்படியே ஒரு தடவ உள்ள அமுக்கி விட்டீங்கன்னா ஒரு சின்ன வட்டம் வரும், மவுஸ எந்த பக்கம் தள்ளுறீங்களோ அந்த பக்கம் படம் தானா ஓடும், குறுக்காவும் ஓடும். மேப்பு பாக்குறவங்களுக்கு இது பெரிய வரம், கை வலி போயிடும்.

நூல்பொட்டலம்:

நல்ல விளக்கம் பாண்டி. ஒரு விஷயம் சேத்துக்குறேன். க்ரோம்ல ஜூம் வெச்சா அது அந்த தளம் முழுக்க ஒட்டிக்கும். மேப்ப 25%ல பாத்துட்டு பின்னாடி போய் லிஸ்ட் பக்கத்த திறந்தா அங்க எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி கெடக்கும், பயந்துடாதீங்க, கண்ட்ரோல் 0 அடிச்சா பழையபடி 100. செட்டிங்ஸ்ல சைட் செட்டிங்ஸ் உள்ள ஜூம் லெவல்ஸ்னு ஒரு பட்டியல் இருக்கு, எந்தெந்த தளத்துக்கு என்ன ஜூம் வெச்சிருக்கோம்னு அதுல பாத்து அழிச்சுக்கலாம்.

ஆனா இந்த ஒட்டிக்கிற குணம் உங்க வேலைக்கு நல்லதுதான். ஒரு ஷீட்டுல 25 வெச்சுட்டா அதே தளத்துல அடுத்த ஷீட் திறக்குறப்போ முதல்ல அடங்கின சைஸ்ல வரும், ஒரு க்ளிக் போட்டா நேரா 25%க்கே போயிடும், மறுபடி மைனஸ் மைனஸ்னு அடிக்க வேண்டியதில்ல. பக்கத்து பக்கத்து ஷீட்டா பத்து திறந்து வெச்சு பாக்குறவங்களுக்கு க்ரோம்தான் வசதின்னு நான் சொல்லுவேன். ஃபயர்ஃபாக்ஸ் தனிப்படத்துக்கு ஜூம ஞாபகம் வெச்சுக்காது, ஒவ்வொரு படமும் புதுசாத்தான் ஆரம்பிக்கும்.

ஃபயர்ஃபாக்ஸ்ல இந்த சுருக்குற வேலையே வேண்டாம்னா அத நிறுத்தவும் முடியும். அட்ரஸ் பார்ல அபௌட், முக்காப்புள்ளி, கான்ஃபிக்னு இங்கிலீஷ்ல சேத்து அடிச்சா எச்சரிக்கை ஒண்ணு வரும், ஏத்துக்கிட்டு உள்ள போங்க. தேடற எடத்துல ஆட்டோமேட்டிக் இமேஜ் ரீசைசிங்ங்கிறத வார்த்தைக்கு நடுவுல அண்டர்ஸ்கோர் போட்டு இங்கிலீஷ்ல அடிங்க. ஒரே ஒரு வரி வரும், ட்ரூன்னு இருக்கும், டபுள் க்ளிக் பண்ணா ஃபால்ஸ் ஆயிடும். அதுக்கப்புறம் எல்லா படமும் முழு சைஸ்லயே திறக்கும். உங்களுக்கு இது தேவைப்படாதுன்னு நெனைக்கிறேன், 6000 பிக்சல் படத்துக்கு இது ரொம்ப தொல்லை, முழுப்படத்த ஒரு பார்வை பாக்கவே முடியாம போயிடும். காமிக்ஸ், நீள நீளமான ஸ்க்ரீன்ஷாட் படிக்கிறவங்களுக்கு நல்லது. வேற எதையும் அந்த பக்கத்துல தொடாதீங்க.

மதகடி:

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? ரைட் க்ளிக், சேவ் இமேஜ், இர்ஃபான்வியூன்னு படம் பாக்குற சாஃப்ட்வேர் இருக்கு, அதுல திறங்க. வியூ மெனுல டிஸ்பிளே ஆப்ஷன்ஸ் போனா ஃபிட் டு விண்டோ விட்த்னு நேராவே இருக்கு, நீங்க கேட்டது அதான். ஒரு தடவ வெச்சா எல்லா படத்துக்கும் அப்படியே வரும். பிரவுசர் வெப்சைட் பாக்குறதுக்கு, படம் பாக்குறதுக்கு இல்ல. நெட்டு போனாலும் கையில ஃபைல் இருக்கும்.

நூல்பொட்டலம்:

மாசக்கணக்குல பாக்கப்போற ஷீட்டுன்னா சேவ் பண்றதுதான் சரி மதகடி, அதுல எனக்கு மாத்துக்கருத்து இல்ல. தளங்கள் அட்ரஸ் மாத்திடறாங்க, பழைய லிங்க் செத்துப்போகுது, அதனால தேவையான ஷீட்ட ஃபைல் பேரோட எடுத்து வெச்சுக்கணும். ஆனா எந்த ஷீட்டுல நம்ம ஊர் இருக்குன்னு தேடுற கட்டத்துல ஒவ்வொண்ணா இறக்கி திறந்து மூடிட்டு இருக்க முடியாது, அங்க பிரவுசர்தான் வேகம். கண்மாய்க்கரை அண்ணே, தேடறதுக்கு ஒரு குறுக்குவழி. இந்த வரிசையில ஷீட் நம்பர் உலக மேப் முறைப்படி வரும். என்சி 44னு ஆரம்பிக்கிறதெல்லாம் வடக்கு அட்சரேகை 8ல இருந்து 12, கிழக்கு தீர்க்கரேகை 78ல இருந்து 84. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் எல்லாம் அதுக்குள்ளதான். கோயம்புத்தூர் 77ல இருக்கறதால என்சி 43க்கு போயிடும். அதனால என்சி 44 மட்டும் பாத்தா போதும், அதுலயும் பாதி கடலு.

பிக்சல்பாண்டி:

மதகடி சொல்ற மாதிரி தனி வியூவர் நல்லதுதான், ஆனா பிரவுசர் படம் பாக்க லாயக்கில்லன்னு சொல்றத ஒத்துக்க மாட்டேன். லேப்டாப் டச்பேட்ல ரெண்டு விரல வெச்சு விரிச்சுப் பாருங்க, போன்ல பண்ற மாதிரியே. க்ரோம், எட்ஜ் ரெண்டுலயும் வேலை செய்யும், ஃபயர்ஃபாக்ஸ்லயும் 2020 கடைசியில இருந்து இருக்கு. இது கண்ட்ரோல் பிளஸ்ல வர்ற ஜூம் இல்ல, வேற வகை. கண்ட்ரோல் பிளஸ் பக்கத்தையே மறுபடி அடுக்கும், அதனால நீங்க பாத்துட்டு இருந்த எடம் தவறிப்போகும். விரல்ல விரிக்கிறது பூதக்கண்ணாடி வெச்ச மாதிரி, விரல் எங்க இருக்கோ அந்த எடமே பெருசாகும், 25, 33ன்னு படி படியா தாவாது, எந்த அளவுலயும் நிறுத்தலாம். சைட்டோட ஜூம் நம்பரும் மாறாது, அதனால நூல்பொட்டலம் சொன்ன எறும்பெழுத்து பிரச்சனையும் வராது. க்ரோம்ல சுருங்கி அடங்கி நிக்கிற படத்துலயே இத செய்யலாம், க்ளிக்கே தேவையில்ல. பழைய டச்பேட் சிலதுல இது வராது, அப்ப மட்டும் மேல சொன்ன வழி.

ரேம் 4 ஜிபின்னு சொன்னீங்கல்ல, அதுக்கும் ஒரு வார்த்தை. ஃபைல் 5 எம்பி, 6 எம்பின்னு இருந்தாலும் திரையில காட்டணும்னா பிரவுசர் அத விரிச்சாகணும், ஒரு பிக்சலுக்கு 4 பைட். 6000 × 4800ஐ 4ஆல பெருக்கினா 115 எம்பி சொச்சம். அந்த மாதிரி ஆறேழு டேப் திறந்து வெச்சா லேப்டாப் மூச்சு வாங்கும். ரெண்டு மூணு ஷீட்டுக்கு மேல ஒரே நேரத்துல திறக்காதீங்க. சில தளத்துல 12000 × 9000 படம் கூட வெச்சிருக்காங்க, அது ஒண்ணே 430 எம்பிக்கு மேல. அதெல்லாம் தனி வியூவர்லதான், அங்க மதகடிதான் சரி. டிஃப்னு வர்ற இன்னொரு வகை பட ஃபைலும் அப்படித்தான், க்ரோம் ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டும் டிஃப்ப காட்டாது, இறக்கத்தான் செய்யும்.

வெள்ளாத்தங்கரை:

இதே இழையில கேட்டுக்குறேன், மன்னிக்கணும். எனக்கு சைஸ் பிரச்சனை இல்ல, மங்கல் பிரச்சனை. பள்ளிக்கூடத்துல சமூக அறிவியல் எடுக்கறேன், பழைய கல்வெட்டு மைப்படிகளோட (கல்லு மேல பேப்பர ஒட்டி மை தடவி எடுக்குற நகல்) படங்கள பசங்களுக்கு காட்டுறதுக்காக விக்கிமீடியா காமன்ஸ்ல இருந்து திறக்கறேன். 100%ல வெச்சாலும் எழுத்தோட ஓரம் பஞ்சு மாதிரி இருக்கு. அதே ஃபைல பக்கத்து டீச்சரோட பழைய லேப்டாப்ல திறந்தா கத்தி மாதிரி தெரியுது. என்னோடது புது லேப்டாப், ஃபுல் எச்டி ஸ்க்ரீன். புதுசுல எப்படி மோசமா தெரியும்?

பிக்சல்பாண்டி:

டீச்சர், டெஸ்க்டாப்ல ரைட் க்ளிக், டிஸ்பிளே செட்டிங்ஸ், அதுல ஸ்கேல்னு ஒண்ணு இருக்கும். 125% இல்ல 150%ன்னு இருக்கும் பாருங்க. சின்ன ஸ்க்ரீன்ல ஃபுல் எச்டி இருந்தா எழுத்து பொடிசா தெரியும்னு விண்டோஸ் எல்லாத்தையும் பெருசாக்கி காட்டும். பிரவுசரும் அதோட சேந்து படத்த பெருசாக்கிடும். அதாவது பிரவுசர் 100%ன்னு சொன்னாலும் உண்மையில படத்தோட 1 பிக்சல் திரையில ஒண்ணே கால் பிக்சலா விரியுது. கால் பிக்சல்னு ஒண்ணு திரையில கெடையாதுல்ல, அதனால பக்கத்து நிறங்கள கலந்து நிரப்புது, அந்த பஞ்சு அதான்.

தீர்வு ரொம்ப சுலபம். ஸ்கேல் 125% இருந்தா பிரவுசர் ஜூம 80%ல வைங்க. 150% இருந்தா 67%ல வைங்க. 200% இருந்தா 50. ரெண்டையும் பெருக்கினா 1 வரணும், அவ்வளவுதான் கணக்கு. படம் கொஞ்சம் சின்னதா தெரியும், ஆனா ஒரு பிக்சலுக்கு ஒரு பிக்சல்னு நேரா உக்காரும். க்ரோம்லயும் ஃபயர்ஃபாக்ஸ்லயும் 80, 67, 50 மூணு படியும் இருக்கு. க்ரோம்னா முதல்ல படத்த க்ளிக் பண்ணி முழுசாக்கிட்டு அப்புறம் செய்யுங்க. ஃபயர்ஃபாக்ஸ்ல இன்னும் சுலபம், படம் தானா சுருங்கறத நிறுத்தி வெச்சுட்டு கண்ட்ரோல் மைனஸ்.

காமன்ஸ்ல இன்னொரு கண்ணி இருக்கு. படத்தோட பக்கத்துல பெருசா தெரியுறது ஒரிஜினல் இல்ல, தளம் சுருக்கித் தர்ற முன்னோட்டம். அதுக்கு கீழ ஒரு வரியில வேற வேற சைஸுக்கு லிங்க் இருக்கும், ஒரிஜினல் ஃபைல்ங்கிற லிங்கும் எத்தன பிக்சல்னு நம்பரோட அங்கேயே இருக்கும். அத க்ளிக் பண்ணி திறந்தாத்தான் முழு விவரம். முன்னோட்டத்த ரைட் க்ளிக் பண்ணி சேவ் பண்ணி அத புரொஜக்டர்ல எவ்வளவு பெருசாக்கினாலும் எழுத்து வராது, இல்லாத பிக்சல பிரவுசரால உண்டாக்க முடியாது.

வெள்ளாத்தங்கரை:

125%தான் இருந்துச்சு. 80 வெச்சதும் மைப்படியில எழுத்தோட வளைவெல்லாம் தனித்தனியா தெரியுது. புரொஜக்டர்ல போடுறப்பவும் இதே கணக்குதானா?

பிக்சல்பாண்டி:

புரொஜக்டர் தனி ஸ்க்ரீன், அதுக்கு ஸ்கேல் தனியா இருக்கும், பெரும்பாலும் 100% இருக்கும். எக்ஸ்டெண்ட் மோட்ல, அதாவது ரெண்டு ஸ்க்ரீனும் தனித்தனியா இருக்குற மாதிரி போட்டு டேப்ப அந்த பக்கம் இழுத்துட்டு போய், அங்க என்ன ஸ்கேல்னு பாத்து வைங்க.

கண்மாய்க்கரை:

தம்பி பாண்டிக்கும் நூல்பொட்டலத்துக்கும் ரொம்ப நன்றி. க்ரோம்ல க்ளிக் பண்ணி 25 வெச்சேன், மேப்பு கிட்டத்தட்ட அகலத்துக்கு வந்துடுச்சு, பெரும்பாலும் மேலயும் கீழயும் உருட்டினா போதும். 50ல பேரெல்லாம் படிக்க முடியுது. இங்கிலீஷ்காரன் எழுதின பேருங்கறதால ஒவ்வொண்ணையும் வாய்விட்டு சொல்லிச் சொல்லித்தான் எந்த ஊருன்னு பிடிக்க வேண்டியிருக்கு, ஆனா நீலத்துல கண்மாய் ஒவ்வொண்ணும் கரையோட வளைவு எந்த பக்கம்னு கூட தெரியுது. எங்க அப்பா சொல்லிட்டு இருந்த ஒரு சின்ன கண்மாய் இதுல இருக்கு, இப்ப அந்த எடத்துல வீட்டுமனை. எங்க வீட்டு பெருசுங்கள உக்கார வெச்சு காட்டணும்.

இன்னொரு கேள்வியும் இருக்கு. இதையெல்லாம் தொகுத்து பிளாக்ஸ்பாட்ல போடலாம்னு இருக்கேன். மேப்புல இருந்து வெட்டி எடுத்த துண்டு ஒவ்வொண்ணும் 2000, 3000 பிக்சல் அகலம் இருக்கு. போட்டுப் பாத்தா சைடு பார் மேல ஏறி நிக்குது, போன்ல பாத்தா பக்கமே குறுக்க ஓடுது. அகலத்த குறைச்சு எழுதினா படம் ஒடுங்கி மேலயும் கீழயும் இழுத்த மாதிரி ஆயிடுது. ஊர்க்காரங்க எல்லாரும் போன்லதான் பாப்பாங்க, அவங்களுக்கு சரியா தெரியணும், அதே நேரம் யாருக்காவது முழுசா பெருசா பாக்கணும்னா அதுவும் முடியணும்.

தறிநாடா:

நான் வெப் டிசைன் வேலை பாக்குறேன், இதுக்கு நான் சொல்றேன் அண்ணே. படம் நீளமா இழுத்த மாதிரி ஆகுறதுக்கு காரணம், எச்டிஎம்எல்ல படத்துக்கு அகலம் உயரம்னு ரெண்டு நம்பர் எழுதியிருக்கும், நீங்க அகலத்த மட்டும் மாத்திட்டு உயரத்த அப்படியே விட்டுட்டா பிரவுசர் சொன்னத அப்படியே செய்யும். தீம்ல சிஎஸ்எஸ், அதாவது பக்கம் எப்படி தெரியணும்னு சொல்ற விதிகள் சேக்குற எடத்துக்கு போய் பதிவுல வர்ற படங்களுக்கு ரெண்டே ரெண்டு விதி எழுதுங்க. மேக்ஸ் விட்த் 100%, ஹைட் ஆட்டோ. முதல் விதி, படம் தன்னோட கட்டத்த விட அகலமா போகக்கூடாதுன்னு சொல்லுது. ரெண்டாவது, அகலம் சுருங்கினா உயரமும் அதே விகிதத்துல சுருங்கணும்னு சொல்லுது. முதல் விதிய மட்டும் எழுதி ரெண்டாவத விட்டுடறவங்கதான் அதிகம், உங்களுக்கு வந்த அதே கோளாறு அதுலயும் வரும். விட்த் 100%ன்னு எழுதிடாதீங்க, மேக்ஸ் விட்த்னே எழுதணும். இல்லன்னா சின்ன படத்தையெல்லாம் கட்டம் முழுக்க இழுத்து மங்கலாக்கிடும்.

ஆனா அண்ணே, இந்த விதி படத்த கண்ணுக்கு மட்டும்தான் சுருக்குது. 3000 பிக்சல் படம் 2 எம்பி இருந்தா போன்ல 360 பிக்சல் அகலத்துல தெரியுறப்பவும் 2 எம்பியும் இறங்கத்தான் செய்யும். ஒரு பதிவுல பத்து துண்டு போட்டா 20 எம்பி. ஊர்ல சிக்னல் ஒரு கோடு ரெண்டு கோடுல இருக்குறவங்க பக்கம் திறக்குறதுக்குள்ள மூடிட்டு போயிடுவாங்க. அதனால பதிவுக்குள்ள காட்ட 1200 பிக்சல் அகலத்துல ஒரு சின்ன பிரதி, அத தொட்டா பெரிய படம் திறக்குற மாதிரி லிங்க். பிளாக்ஸ்பாட்ல இதுக்கு தனியா ஏத்த வேண்டியதே இல்ல. நீங்க ஏத்துன படத்தோட அட்ரஸ பாருங்க, நடுவுல சாய்கோட்டுக்குள்ள எஸ்னு ஒரு எழுத்தும் பக்கத்துல ஒரு நம்பரும் இருக்கும், எஸ்320, எஸ்640, எஸ்1600 அந்த மாதிரி. அந்த நம்பர மாத்தினா அதே படம் அந்த சைஸ்ல சர்வர்லயே சுருங்கி வரும், போனுக்கு இறங்குறதே சின்ன ஃபைலாத்தான் இறங்கும். எஸ்0ன்னு போட்டா சர்வர்ல இருக்குற பெரிய அளவு. அதனால படம் காட்டுற எடத்துல எஸ்1200, லிங்க் குடுக்குற எடத்துல எஸ்0. வேலை முடிஞ்சது.

மேப்பு துண்டுன்னா ஜேபிஜிய மறுபடி மறுபடி எடிட் பண்ணி சேவ் பண்ணாதீங்க, ஒவ்வொரு தடவையும் எழுத்தைச் சுத்தி அழுக்கு சேரும். ஒரிஜினல்ல இருந்து ஒரே தடவ வெட்டி எடுங்க. எந்த ஷீட்டு, எந்த வருஷம், எந்த லைப்ரரின்னு படத்துக்கு கீழயே எழுதிடுங்க, டெக்சாஸ் லைப்ரரிக்கும் கிரெடிட் போடுங்க. துண்டா வெட்டுனா ஸ்கேல் பட்டை போயிடும், அதனால 1:2,50,000ன்னு மட்டும் எழுதி விட்டுடாதீங்க, பாக்குறவங்க போன்ல அது எந்த சைஸ்ல வரும்னு நமக்கு தெரியாது, அந்த நம்பருக்கு அர்த்தமே இருக்காது. ஷீட்டுக்கு அடியில இருக்குற ஸ்கேல் பட்டையையும் வெட்டி, அதே விகிதத்துல துண்டோட ஒரு மூலையில ஒட்டிடுங்க, படம் எப்படி சுருங்கினாலும் பட்டையும் சேந்து சுருங்கும்.

நூல்பொட்டலம்:

அந்த ஸ்கேல் பட்டை விஷயம் அருமை தறிநாடா.

அண்ணே, இதுக்கு அடுத்து நீங்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்துலயும் தேடுவீங்கன்னு நெனைக்கிறேன், அங்கயும் பழைய மெட்ராஸ் மாகாண மேப்பு கெடைக்கும். அங்க சைஸ அட்ரஸ்லயே கேட்டு வாங்கலாம், பிரவுசர் ஜூமே தேவையில்ல. அங்க பல படங்களுக்கு அட்ரஸ்ல ஃபுல், அடுத்து பிசிடி, முக்காப்புள்ளி, ஒரு நம்பர்னு வரும். அந்த நம்பர்தான் சதவீதம். 12.5ன்னு இருந்தத 25ன்னு மாத்தி என்டர் அடிச்சா கால் சைஸ்ல படம் வரும், 50ன்னா பாதி. சர்வரே சுருக்கி அனுப்புறதால உங்க 4 ஜிபி லேப்டாப்புக்கும் பாரம் கெடையாது. ஃபுல்ங்கிற எடத்துல நாலு நம்பர் போட்டு படத்துல ஒரு துண்ட மட்டும் கூட கேக்கலாம், இடது ஓரத்துல இருந்து எவ்வளவு, மேல இருந்து எவ்வளவு, அகலம், உயரம். உலகத்துல நிறைய லைப்ரரிங்க இதே முறைய வெச்சிருக்காங்க, ஐஐஐஎஃப்னு பேரு, ஒரு எடத்துல கத்துக்கிட்டா மத்த எடத்துலயும் உதவும்.

அப்புறம் கண்மாய்க்கு தண்ணி வர்ற வரத்துக்கால், மிச்சத் தண்ணி வெளியேறுற கலுங்கு வரைக்கும் வேணும்னா இந்த 1:2,50,000 பத்தாது, கண்மாயோட நின்னுடும். சர்வே ஆஃப் இந்தியாவோட ஓப்பன் சீரிஸ் மேப்பு 1:50,000ல இருக்கு, அதுல 1 சென்டிமீட்டர் அரை கிலோமீட்டர்தான். அது பிடிஎஃப், அதுக்கு இங்க பேசுன க்ளிக் வேலை எதுவும் ஒத்துவராது, பிரவுசரோட பிடிஎஃப் வியூவர்ல ஃபிட் டு விட்த், ஃபயர்ஃபாக்ஸ்ல பேஜ் விட்த்னு நேராவே இருக்கும், நீங்க முதல்ல கேட்டது அதுல பிறக்கும்போதே இருக்கு. பழைய ஷீட்ட ஒரு டேப்லயும் இத இன்னொரு டேப்லயும் வெச்சு, விண்டோஸ் கீயோட இடது அம்பு ஒண்ணுக்கு, வலது அம்பு இன்னொண்ணுக்கு அடிச்சு பக்கம் பக்கமா நிறுத்திப் பாருங்க. அதுக்கு முன்னாடி ஒரு டேப்ப இழுத்து தனி விண்டோவாக்கிக்கணும்.